வளையல்காரியின் கை

வளையல் விற்கிறவளுக்கு அவள் கைதான் கண்ணாடி. பச்சை எடுக்குமா சிவப்பு எடுக்குமா என்று வந்தவள் தயங்கினால், ஆறு வளையலைத் தன் கையில் ஏற்றிக் குலுக்கிக் காட்ட வேண்டும். பம்மல் கனகவல்லி இருபது வருடமாக அப்படித்தான் விற்றாள். பங்குனியில் திருநீர்மலை, ஆடியில் பொழிச்சலூர் அம்மன் கோவில், செப்டம்பரில் தாம்பரத்துப் பக்கம் மாதா கோவில், அப்புறம் பல்லாவரத்தில் தர்கா சந்தனக்கூடு. எந்தச் சாமிக்கு எந்தத் தேதி என்று காலண்டரைப் பார்க்காமல் சொல்வாள். புருஷன் ரத்தினம் சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு முன்னால் போவான். கூவிக் கூப்பிடுவது அவன் வேலை. வந்தவள் கையைப் பிடித்து, முட்டியை அமுக்கி, அளவு பார்த்து ஏற்றுவது அவள் வேலை.

எண்பத்தொன்பது சித்திரையில், தண்டவாளத்தைத் தாண்டும்போது ரத்தினம் ரயிலில் அடிபட்டான். பத்தாம் நாள் அவள் கை வளையலை உடைத்தார்கள். எல்லாரும் எதிர்பார்த்த அழுகை வரவில்லை. ‘கெட்டிச் சரக்கு, ஒரே தட்டில் உடையல’ என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சோறு பொங்கினாள், தின்றாள், தூங்கினாள். எதுவும் உள்ளே இறங்கவில்லை. மகள் பேபி எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். வளையல் பெட்டி கட்டிலுக்கு அடியில் நிரம்பிக் கிடந்தது. கனகவல்லிக்கு வேறு தொழில் தெரியாது.

ஆடி மூன்றாம் ஞாயிறு பொழிச்சலூரில் வழக்கமான இடத்தில் சாக்கை விரித்தாள். பக்கத்தில் பொம்மைக்கடை சாராள். மாதா கோவில்காரிதான், ஆனாலும் ஆடி மாதம் அம்மன் கோவில் கடைவரிசை அவள் இல்லாமல் கிடையாது. பெண்கள் வளையலைப் பார்த்து வந்தார்கள், கனகவல்லியின் நெற்றியைப் பார்த்துப் போனார்கள். கூழ் ஊற்றும் நேரத்தில் புது பிளாட் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு எந்தக் கலருங்க எடுக்கும்?”

கனகவல்லி ஆறு பச்சையை எடுத்துத் தன் கையில் ஏற்றிக் குலுக்கினாள். இரண்டாவது குலுக்கலில்தான் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள்.

கூழ்ச் சொம்போடு வந்த மாமியார்க்காரி, “எழுந்திருடி. வயித்துல புள்ளைய வெச்சிகினு யார்கிட்ட கை நீட்டிகினு கீற?” என்று மருமகளை இழுத்துக்கொண்டு போனாள்.

கோவில் கமிட்டி ஸ்ரீநிவாசன் வந்தார். கெட்டவர் இல்லை, ரத்தினத்தின் பாடைக்குத் தோள் கொடுத்தவர். “தப்பா நெனச்சிக்காத கனகா. பொம்பளைங்க பேசறாங்க. அடுத்த வருசம் பொரி கடலை போடேன், இடம் நான் தர்றேன்.”

“சரிங்க” என்றாள். கோபம் வந்திருக்கலாம், வெட்கமாவது வந்திருக்கலாம். பசிதான் வந்தது.

“பொரியாமே பொரி!” என்று பெட்டியைக் கட்ட உதவிய சாராள் முணுமுணுத்தாள். “ஒரு காத்து அடிச்சா மீனம்பாக்கத்துல போய் எறங்கும் அது.”

மாதா கோவில் தேருக்கு முதல் நாள் சாராள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“அங்க மட்டும் இன்னா?” என்றாள் கனகவல்லி. “உங்க ஜனமும் தாலி, பூவு பாக்கறவங்கதானே.”

“பாப்பாங்கதான். என் நாத்தனாரே மொதல்ல பாப்பா. அதான் சொல்றேன். போன தபா தெரியாம போட்ட. இந்த தபா தெரிஞ்சே போடு.”

மறுநாள் கடை விரித்ததும் கனகவல்லி ஒரு டஜன் பச்சையை எடுத்து ஏற்றிக்கொண்டாள். அழுவாளோ என்று சாராள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனகவல்லி சாக்கின் சுருக்கத்தை நீவிவிட்டு உட்கார்ந்தாள்.

கைகள் வந்தன. கறுத்த கை, மெலிந்த கை, மெழுகுவத்தி பிடித்துப் பிசுக்கேறிய கை. யாரும் எதுவும் கேட்கவில்லை. தேர் கிளம்பும் நேரத்தில், அவள் தெருவிலேயே குடியிருக்கும் கங்கம்மா தன் மகளோடு வந்து நின்றாள்.

“இன்னாடி கனகா இது, கையில?”

“சரக்கு.”

“சரக்கா?”

“போட்டுக் காட்டாம எப்பிடிக்கா விக்கறது?”

“தெருவுல இன்னா பேசுவாங்கன்னு நெனப்பு கீதா உனக்கு?”

“யக்கா, வளையல் வாங்க வந்தியா, வம்பு வாங்க வந்தியா?” என்றாள் சாராள்.

மகள் அதற்குள் உட்கார்ந்து பச்சை வேண்டும் என்றாள். கங்கம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். தெருக்காரர்கள் யாரும் இல்லை. “பொட்டியிலேர்ந்து எடு. நானே போட்டுவுடறேன்” என்று குந்தினாள். முதல் வளையல் முட்டியில் உடைந்தது. இரண்டாவதும் உடைந்து பெண்ணின் கையைக் கீறியது.

“யம்மா, வுடும்மா! அவங்களே போடட்டும்.”

கங்கம்மா உடைந்த துண்டுகளை ஓரமாகத் தள்ளினாள். பிறகு, “சரி, போடு. தெருவுல சொல்லிகினு திரியாத” என்றாள்.

கனகவல்லி கட்டைவிரலை உள்ளே மடக்கி, புறங்கையை அமுக்கிவிட்டு, பன்னிரண்டையும் ஏற்றினாள். ஒன்றும் உடையவில்லை. அந்தப் பெண்ணின் கை சூடாக இருந்தது. சூடாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. கங்கம்மா காசைக் கையில் கொடுக்காமல் சாக்கின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

தேர் திரும்பும்போது பெட்டியில் பச்சை தீர்ந்திருந்தது. பொழிச்சலூரில் நடந்தது எதுவும் தெரியாத ஒரு பெண், “யக்கா, உங்க கையில கீது பாருங்க, அதான் வேணும்” என்றாள். கனகவல்லி ஒவ்வொன்றாகக் கழற்றி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். பிறகு பெட்டியிலிருந்து ஒரு டஜன் நீலத்தை எடுத்துத் தன் கையில் ஏற்றிக்கொண்டு, அடுத்தவள் கை நீட்டக் காத்திருந்தாள்.