பின்னேரப் பள்ளிக்கூடம்

போன கிழமை பெய்த மழையில் எங்கள் லிங்கநகர் வீட்டுக் குசினிக் கூரை ஒழுகத் தொடங்கியது. ஓடு மாற்ற ஆள் வரும்வரை மூடி வைப்போம் என்று இவர் ஒரு நீலத் தறப்பாள் வாங்கி வந்து முற்றத்தில் விரித்தார். புதுத் தறப்பாளுக்கு ஒரு மணம் உண்டு. பிளாஸ்டிக்கும் மண்ணெண்ணெயும் கலந்ததுபோல, வெயில் பட்டால் தொண்டையில் வந்து ஒட்டும். அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன, தலை சுத்துதோ?" என்று இவர் கேட்டார்.

தலை சுற்றவில்லை. அந்த மணத்துக்குள் எனக்கு எப்போதும் ஒரு வகுப்பு இருக்கிறது.

அப்போது நான் புது ரீச்சர். துறைமுகப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் முதல் நியமனம். குதிச் செருப்புப் போட்டால்தான் ரீச்சர் மாதிரித் தெரியும் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். பள்ளி வளவு முழுக்க மணல். குதி புதைந்து நான் தள்ளாடி வருவதைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் நேரத்தோடு வந்து வாசலில் நிற்பார்கள்.

அந்த வருடம்தான் குடாவுக்கு அக்கரையில், மூதூர்ப் பக்கம் சண்டை மூண்டு, சனம் லோஞ்சிலும் வள்ளத்திலுமாக இக்கரைக்கு வந்தது. கட்டைபறிச்சானுக்கு அப்பால் வயலோரக் கிராமம் ஒன்றின் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். காலையில் வாங்குகளில் இடமில்லை. அதிபர் திரேசம்மா, "அப்ப பின்னேரமும் பள்ளிக்கூடம் வைப்பம்" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். பின்கட்டிடத்து வகுப்பறைகளில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்ததால், மைதானத்தில் கம்பு நட்டுத் தறப்பாள் கட்டினோம். அதற்குக் கீழே ஐந்தாம் வகுப்பு. அது எனக்கு.

முதல் நாள் பலகையில் அழகாக 'எனது ஊர்' என்று எழுதி, கட்டுரை எழுதச் சொன்னேன். முன்வாங்கில் இருந்த நிரோஜா என்ற பிள்ளை எழும்பினாள்.

"ரீச்சர், எந்த ஊர்? இருந்த ஊரோ, இப்ப இருக்கிற ஊரோ?"

பயிற்சிக் கலாசாலையில் இதற்கு மறுமொழி சொல்லித் தரவில்லை. "விரும்பினதை எழுதுங்கோ" என்று சமாளித்தேன். எல்லோரும் இருந்த ஊரைத்தான் எழுதினார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அரசாங்கம் தந்த அரிசியும் பருப்பும் காலைப் பிள்ளைகளின் அளவுக்குத்தான் வரும். பின்னேரப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. திரேசம்மா பருப்புப் பானைக்குள் தண்ணீரை விட்டுக் கலக்கிக்கொண்டே, "இதுக்கு ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை" என்பார். நாங்கள் சிரிப்போம். காலைப் பிள்ளைகளின் தாய்மார் சிரிக்கவில்லை. "எங்கட பிள்ளையள் தண்ணியைக் குடிச்சிட்டு வருகுதுகள்" என்று வாசலில் வந்து நின்றார்கள். அவர்களையும் பிழை சொல்ல ஏலாது.

ஒருநாள் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளோடு கதைத்தார். பிறகு கதிரையில் இருந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரேசம்மாவிடம் சொன்னார்: "மேடம், பிள்ளையின்ர பேர் எந்தப் பள்ளியில இருக்கோ, அந்தப் பள்ளிக்குத்தான் காசும் சாமானும்."

"சேர், அந்தப் பள்ளி பூட்டிக் கிடக்கு."

"தெரியும். பேரை இங்க மாத்துங்கோ. சாப்பாடு, உடுப்புத் துணி, கட்டிடம் எல்லாம் வரும்."

தறப்பாளின் கீழே பெற்றோர் கூட்டம் வைத்தோம். நிரோஜாவின் தகப்பன் சிவலிங்கம் எழும்பினார். வயல்காரர், அதிகம் கதைக்காதவர். தங்கள் ஊர்ப் பள்ளிக்கு மண் சுமந்து, சீமெந்துக் கல் அரிந்து கட்டியவர்களில் அவரும் ஒருவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பேரை இங்க எடுத்தா அங்க என்ன மிஞ்சும்? பிள்ளையில்லாத பள்ளியைத் திருப்பித் திறப்பினமோ, மேடம்?"

திரேசம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "திறப்பினமெண்டு என்னால சொல்ல ஏலாது, அண்ணை" என்றார்.

ஒருவரும் பேரை மாற்றச் சம்மதிக்கவில்லை.

மாரி தொடங்கிய பிறகு ஒருநாள் காலைப் பிள்ளைகள் சாப்பிட்டு முடிய, பானையில் ஒன்றும் மிஞ்சவில்லை. பின்னேரப் பிள்ளைகள் கோப்பையோடு வரிசையில் நின்றார்கள். திரேசம்மா அகப்பையைப் பிடித்தபடி பானைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். மகளுக்குக் குடை கொண்டுவந்த சிவலிங்கம் வாசலில் இருந்து அதைக் கண்டார். குடையை என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் காலை முதல் ஆளாக வந்தார்.

"மாத்துங்கோ, மேடம். மற்ற ஆக்களோட நான் கதைக்கிறன்."

அதிகாரி சொன்னது பொய்யில்லை. அரிசி வந்தது. வெள்ளைத் துணி வந்தது. கட்டிடத்துக்கு அத்திவாரமும் வெட்டினார்கள். திரேசம்மாவின் பருப்பு இறுகியது. நிரோஜா புதுச் சட்டையின் கஞ்சி மொரமொரப்பை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவை நல்ல நாட்கள் என்றே நினைத்தோம்.

கட்டிடம் கூரை மட்டத்துக்கு வந்தபோது, ஊருக்குத் திரும்பலாம் என்ற அறிவித்தல் வந்தது. பஸ்களில் ஏற்றி, சுற்றுப்பாதையால் அனுப்பினோம். அங்கே போனால், அவர்கள் ஊர்ப் பள்ளி ஏட்டில் பிள்ளைகளே இல்லாத பள்ளியாகிவிட்டது. தூரத்துப் பள்ளி ஒன்றோடு சேர்த்தாயிற்று என்றார்கள். சிவலிங்கம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். திரேசம்மாவும் கூடப் போனார். எடுத்த முடிவு எடுத்ததுதான். இங்கே, போன பிள்ளைகளுக்கென்று வந்த கட்டிடம் சுண்ணாம்பு பூசி முடிந்து, திறப்பு விழாவும் கண்டது. திரேசம்மா அன்றைக்கு லீவு போட்டுவிட்டார்.

மாரியில் அந்தத் தூரத்துப் பள்ளிக்குப் போகும் பாதை வெள்ளத்தில் மூடும். நிரோஜா எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். ஓய்வு பெற்ற பிறகும் திரேசம்மா என்னைக் கண்டால் அதே கதைதான். "வேற என்ன செய்திருக்கலாமடி? நீ சொல்லு பாப்பம்." அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பின்னேரப் பள்ளிக்கூடம் ஒன்று அங்கே நடந்தது என்பது இப்போதிருக்கும் ரீச்சர்மாருக்குத் தெரியாது.

போன வருடம் ஒரு கலியாணத்துக்காக மூதூர்ப் பக்கம் போனேன். இப்போது லோஞ்சு தேவையில்லை, பாலங்களால் பஸ் போகிறது. விசாரித்துக்கொண்டு நிரோஜாவின் வீட்டுக்கும் போனேன். தேத்தண்ணி தந்தாள். தகப்பனும் இல்லையாம். பிறகு தன் மகளையும் கூட்டிக்கொண்டு, பள்ளி இருந்த இடத்தைக் காட்டக் கூட்டிப்போனாள். பற்றைக்குள் நாலைந்து ஆடுகள் மேய்ந்தன. ஒரு கல்கூட இல்லை.

"இதில பள்ளிக்கூடம் இருந்தது, அம்மப்பா கட்டினவர் எண்டு சொன்னா இவள் நம்புறாளில்லை. நீங்க சொல்லுங்கோ, ரீச்சர்."

நான் அந்தப் பள்ளியை ஒருநாளும் கண்டதில்லை.

"ஓம் பிள்ளை, இருந்தது" என்றேன்.