கிண்ணக்கா பிடித்த நாலு சொட்டு

குழந்தைகள் வார்டில் அந்த நர்ஸை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிண்ணக்கா என்றால்தான் தெரியும். பச்சைக் குழந்தையின் சிறுநீரைச் சோதனைக்குப் பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சுத்தமான கிண்ணத்தோடு உட்கார்ந்து, பிள்ளையின் அடிவயிற்றில் இரண்டு விரலால் தட்டுவாள், முதுகின் கீழே நீவிவிடுவாள். மூன்றே நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். “என் வீட்டுக்காரர் இருபது வருஷமா என் பேச்சைக் கேட்டதில்ல. பத்து நாள் பிள்ளை கேக்குது” என்று பெருமை வேறு.

அன்று வந்தவன் பிறந்து ஒன்பதே நாளானவன். காய்ச்சல், பால் குடிக்கவில்லை. பஸ் ஓட்டுகிற அப்பா, பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கிண்ணக்கா தட்டினாள், நீவினாள். பயல் முக்கி முக்கிச் சிவந்ததுதான் மிச்சம். விழுந்தது நாலு சொட்டு.

“வீட்ல எப்படிப் போவான்? பீச்சி அடிப்பானா?”

“இல்ல சிஸ்டர். சொட்டிக்கிட்டேதான் இருக்கும். துணி எப்பவும் ஈரமா இருக்கேன்னு நிம்மதியா இருந்தோம்” என்றாள் அம்மா.

கிண்ணக்காவின் விரலுக்கு அடிவயிற்றில் பந்துபோல ஏதோ தட்டுப்பட்டது. எழுந்து டாக்டரிடம் ஓடினாள்.

“சாம்பிள் வரட்டும்க்கா, பாத்துக்கலாம்.”

“எங்கேருந்து வரும் டாக்டர்? வழியே அடைச்சிருக்கு. வந்து தொட்டுப் பாருங்க.”

தொட்டுப் பார்த்த டாக்டர் உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருந்தன. மூத்திர வழியில் மெல்லிய குழாய் செருகியதும், அதன் முனையில் மாட்டிய பை மளமளவென்று நிறைந்தது. அடுத்த சில நாளில் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே காரணத்தைச் சொன்னது.

“மூத்திரக் குழாய்ல பொறக்கும்போதே ஒரு சவ்வு, கதவு மாதிரி மறிச்சுக்கிட்டு நிக்குது. உள்ளே குழாய் விட்டு அதை வெட்டிடலாம்” என்றார் டாக்டர்.

“பொறந்ததுமே டிராஃபிக் ஜாமாடா உனக்கு?” என்று சிரித்த டிரைவர், சிரிப்பு முடியுமுன்னே அழுதுவிட்டார். கிண்ணக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

காய்ச்சல் தணிந்து, ரத்தப் பரிசோதனையும் தேறிய பிறகு ஆபரேஷன் நடந்தது. குழாயை எடுத்த அன்று கட்டிலைச் சுற்றி எல்லாரும் காத்திருந்தார்கள். குனிந்து பார்த்த டாக்டரின் வெள்ளைக் கோட்டில் சுர்ரென்று வந்து அடித்தது ஒரு தாரை.

“கோட்டைக் கழட்டுங்க டாக்டர், பிழிஞ்சு லேபுக்கு அனுப்பிடறேன்!” என்றாள் கிண்ணக்கா.

ஒரு சிறுநீரகம் இன்னும் கொஞ்சம் சோர்வாகத்தான் வேலை செய்கிறது. வருஷக்கணக்கில் கவனிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பாவின் தோளில் ஏறி வருகிறான். இப்போது நாலு பல்.