புடவைமேல் சிவப்புச் சட்டை

எத்தனை முறை துவைத்துக் காயப்போட்டாலும் அந்தச் சிவப்புச் சட்டையிலிருந்து ரயில் பெட்டியின் இரும்பு வாடையும் அப்பாவின் வியர்வையும் போகவே இல்லை. அப்பா இறந்து, அவருடைய போர்ட்டர் வேலையும் கையில் கட்டும் பித்தளைப் "பில்லை"யும் அம்மாவுக்கு வந்தபோது, அவள் அதே சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டையிலிருந்து ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.

அங்கே அவளை முதலில் எதிர்த்தவர் காசி மாமா. அப்பாவின் "தோஸ்து", ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டு, என்னை மடியில் வைத்துக் கொஞ்சியவர். "பொம்பள வந்து நின்னா எங்க பொழப்பு இன்னாவறது? வூட்ல குந்து" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வண்டி வந்ததும் அம்மாவை இடித்துத் தள்ளிவிட்டு மற்ற போர்ட்டர்கள் ஏறிவிடுவார்கள்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். ஒரு குடும்பத்தின் பெட்டியைச் சும்மாட்டின் மேல் வைத்து அம்மா நாலடி நடப்பதற்குள், காசி மாமா பின்னாலிருந்து அதைப் பிடுங்கினார். அவள் முழங்கை தேய விழுந்தாள். எழுந்துபோய் அவரை வழிமறித்து, "என் தலையில இருந்து எட்த்தத என் தலையிலயே வையி" என்றாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் நான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். அவர் அலறிக்கொண்டு பெட்டியைக் கீழே போட்டுவிட்டு என் கன்னத்தில் அறைந்தார். அம்மா கீழே கிடந்த பெட்டியைத் தானே முழங்காலுக்குத் தூக்கி, அங்கிருந்து தலைக்கு ஏற்றி, ரத்தம் சொட்டச் சொட்ட நடந்தாள்.

அன்றோடு பிடுங்குவது நின்றது, வேறொன்று தொடங்கியது. பாரம் தலைக்கு ஏற இன்னொருவர் கைகொடுக்க வேண்டும், எவ்வளவு சண்டையானாலும் போர்ட்டர்கள் அதை மறுப்பதில்லை. அம்மாவுக்கு மட்டும், அவள் வேலையை விடும்வரை, ஒருவரும் கொடுக்கவில்லை. அவள் கழுத்தெலும்பு தேய்ந்தது அப்படித்தான்.

இப்போது பெட்டிகளுக்கெல்லாம் சக்கரம் வந்துவிட்டது. அந்த நடைமேடையில் சிவப்புச் சட்டைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சமீபத்தில் டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் காசி மாமா தடியூன்றி நின்றிருந்தார். "இன்னா கண்ணு, நல்லா கீறியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மாவோ நின்று, "முட்டி வலி எப்டி கீதுண்ணே?" என்று அக்கறையாக விசாரித்தாள். படியேற முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை, ராத்திரியில் தூக்கமே இல்லை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் தலையாட்டியபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

பஸ்ஸில் ஏறியதும், "அந்தாளாண்ட உனக்கு இன்னா பேச்சு?" என்று கத்தினேன்.

அம்மா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த வலிய அவன் வாயாலயே கேக்கணும்னு ஆசையா இர்ந்துச்சு" என்றாள்.