முதலாளிக்கே அனுமதி இல்லையா?

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழிலில் ஊரறிந்த உண்மை ஒன்று உண்டு: நாம் கை வைப்பதற்கு முந்தைய நிமிடம் வரை அந்தக் கம்ப்யூட்டர் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. இதே தொழிலில் வதைபடும் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களில் யாராவது ஒரு கடைக்கு விண்டோஸை எடுத்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தால், கீழே வருவதைப் படிக்கவும் வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினால் போதும்.

மஸ்கட்டில் பல வருஷம் ஒரு கம்பெனியின் சர்வர்களை மேய்த்துவிட்டு, போதும் என்று திருமயத்துக்குத் திரும்பி வந்து, பஸ் நிற்கும் இடத்துக்கு அருகே ஒரு சின்னக் கடை போட்டேன். என் மனைவி மீனா கெடு வைத்தாள். வைகாசி முகூர்த்தங்கள் முடிவதற்குள் நிலையாக ஒரு வாடிக்கையாவது பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பழைய கம்பெனிக்கே திரும்பிவிட வேண்டும். அங்கே மேனேஜர் என் நாற்காலியை இன்னும் காலியாகத்தான் வைத்திருந்தார். இங்கே எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை முத்தையா அண்ணனின் அச்சகம். கல்யாணப் பத்திரிகை அடிப்பவர். காசு கொடுக்காமல் எங்கேயோ வாங்கிப் போட்டிருந்த விண்டோஸில் வைரஸ் புகுந்து நாலு கம்ப்யூட்டரும் படுத்த பிறகு, வேறு வழியில்லாமல் லினக்ஸுக்குச் சம்மதித்தார். அவரும் ஒரு கெடு வைத்தார். "வைகாசி வரைக்கும் பாப்போம் தம்பி. ஒரு பத்திரிகை தவறுனாலும் பழசையே போட்டுட்டு, நீங்க அங்கிட்டே போயிறணும்."

நல்ல நேரத்துக்கு முந்திய வேலை

லினக்ஸில் ஒரு வசதி. இன்ஸ்டால் பண்ணாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் பிடுங்கிக்கொள்ளலாம். பெண் பார்க்கப் போவது மாதிரி, இன்னும் தாலி கட்டவில்லை. திங்கள்கிழமை நான் பென் டிரைவோடு போய் நின்றபோது அண்ணன் காலண்டரைப் புரட்டினார். புதன்கிழமை காலையில்தான் நேரம் நன்றாக இருக்கிறதாம். "அதுவரைக்கும் சும்மா ஓட்டிப் பாருங்கண்ணே, இதுல எதையும் சேமிக்க முடியாது" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வந்தேன். தெளிவாகச் சொல்வது என்பது நம் தொழிலில் நமக்கு நாமே சொல்லிக்கொள்வது.

செவ்வாய் மத்தியானம் கரண்டு போய் வந்தது. அன்று காலை முழுக்க டிசைனர் செல்வி உட்கார்ந்து செய்த காதுகுத்துப் பத்திரிகை, மயில், மாவிலைத் தோரணம், தாய்மாமன்மார் பெயர் வரிசை எல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டது போலப் போயிருந்தது. நான் ஓடிப்போய், இது டெமோ, மெமரியில் மட்டும் ஓடுவது, கரண்டு போனால் எல்லாம் போய்விடும் என்று மூச்சு வாங்க விளக்கினேன். அண்ணன் கோபப்படவே இல்லை. செல்வியைப் பார்த்துத் திருப்தியோடு சொன்னார்: "நல்ல நேரம் வாரதுக்கு முன்னாடி செஞ்ச வேலைய மிஷினே ஏத்துக்கலை பாத்தியா?"

நட்சத்திரம் விழாத கடவுச்சொல்

புதன்கிழமை இன்ஸ்டால் முடிந்தது. நல்ல நேரத்தில் ஆரம்பித்ததால் பிரிண்டர் மட்டும்தான் வேலை செய்யவில்லை. கம்ப்யூட்டருக்குள் நுழைய ஆளுக்கொரு கணக்கு: அண்ணனுக்கு 'முத்தையா', செல்விக்கு 'செல்வி'. பிரிண்டருக்கான மென்பொருளைச் சேர்க்கக் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை கொடுக்க வேண்டும், அது கடவுச்சொல் கேட்கும். நான் அன்று ஓர் அவசரத்தில் இருந்ததால் கட்டளையை வாட்ஸப்பில் அனுப்பி, அண்ணனையே அடிக்கச் சொன்னேன். தோழர்களுக்குத் தெரியும், அந்த இடத்தில் கடவுச்சொல் அடித்தால் திரையில் எழுத்தும் விழாது, நட்சத்திரமும் விழாது. பிறர் எட்டிப் பார்த்து எழுத்தை எண்ணிவிடக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் செய்த ஏற்பாடு.

சாயங்காலம் போனால் மேஜையில் புத்தம் புதிய கீபோர்டு. பழையது குப்பைக்கூடையில் தலைகீழாக நின்றது. புதியதிலும் ஒன்றும் விழவில்லை என்று அதையும் மாற்றக் கடைக்கு ஆள் அனுப்பத் தயாராக இருந்தார். விழாவிட்டாலும் அடித்து என்டர் தட்டுங்கள், அது உள்ளே போகும் என்றேன். தட்டினார், போனது. அதில் அவருக்குச் சந்தோஷமில்லை. வேறு ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. "நாலு மிஷினும் எம்பேருல பில்லுப் போட்டு வாங்குனது தம்பி. அதுகிட்டப் போயி நான் மொதலாளிதான்னு தெனமும் சொல்லணுமாக்கும்?"

ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் தமிழ்

அச்சகத்தில் பழைய பத்திரிகை மாதிரிகள் எல்லாம் அந்தக் காலத்து எழுத்துருக்களில் இருந்தன. அந்த எழுத்துரு மெஷினில் இல்லையென்றால் 'நிகழும் மங்களகரமான' என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூட்டுப்பொரியலாகத் தெரியும். இதற்காக நான் எழுத்துருக்களை ஒரு பென் டிரைவில் கொடுத்து, மாலையில் வந்து போட்டுவிடுகிறேன் என்றேன். அண்ணனுக்குப் பொறுமையில்லை. தானே இரண்டு தட்டுத் தட்டிப் போட்டுக்கொண்டார். அப்படிப் போட்டால் போட்டவர் கணக்குக்கு மட்டும்தான் அது சேரும் என்பது அவருக்குத் தெரியாது.

பிறகு நடந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். அவர் உட்கார்ந்தால் தமிழ். எழுந்து செல்விக்கு இடம் விட்டு, அவள் தன் கணக்கில் நுழைந்தால் பொரியல். இவர் திரும்ப உட்கார்ந்தால் மறுபடியும் தமிழ். "எனக்கு நல்லாத்தான தெரியுது? நீ கண்ணு டாக்டரப் போயிப் பாரு" என்று முடிவே கட்டிவிட்டார். குளத்தூரிலிருந்து கட்டிக்கொடுத்து வந்த செல்விக்கு வாய் சும்மா இருக்காது. நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "அப்ப நீங்களே அடிங்க மொதலாளி, நான் ஒங்களுக்குக் காப்பி வாங்கியாறேன்."

ஆளில்லாத குற்றவாளி

எழுத்துருக்களை எல்லாருக்கும் பொதுவாகப் போட்டுவிட்டு வந்து, இனி நிம்மதி என்று நினைத்தேன். சித்திரை பிறந்தது, பத்திரிகைகள் குவிய ஆரம்பித்தன. அப்போது தொடங்கியது செல்வியின் காலை நேரத்து போன். "அண்ணே, ஃபைலு தொறக்குது, சேவ் ஆக மாட்டேங்குது. அனுமதி இல்லைங்குது." போய்ப் பார்த்தால், ஃபைலின் உரிமையாளர் பெயர் 'ரூட்' என்றிருந்தது. தெரியாதவர்களுக்காக: லினக்ஸில் சகல அதிகாரமும் படைத்த கணக்குக்குப் பெயர் ரூட். அவர் உருவாக்கிய ஃபைலை மற்றவர்கள் பார்க்கலாம், தொட முடியாது. அந்தக் கணக்கில் நேரடியாக நுழையும் வழியை இன்ஸ்டால் முடிந்த கையோடு நான் அடைத்துத்தான் வைத்திருந்தேன்.

அனுமதியை மாற்றிக் கொடுத்துவிட்டு வருவேன். மறுநாள் காலை வேறொரு பத்திரிகை, அதே கதை. குற்றவாளியின் பெயர் திரையில் பளிச்சென்று இருந்தது, ஆள்தான் கிடைக்கவில்லை. செல்வியைக் கேட்டால், ஒன்பதரை பஸ்ஸில் வருபவள், வரும்போதே அப்படித்தான் இருக்கிறது என்றாள். அண்ணனைக் கேட்டால், நான் எதையும் தொடவே இல்லையே என்றார். வீட்டில் மீனா என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். மேனேஜர் அந்த வாரம் மறுபடியும் கூப்பிட்டிருந்தார். அண்ணனின் பொறுமையும் விளிம்புக்கு வந்துவிட்டது. "ஒங்க லினக்ஸு நல்ல மிஷினுதான் தம்பி, காலையில எந்திரிக்கும்போது மட்டும் அதுக்குக் கிறுக்குப் புடிக்குது."

உ

ஒரு நாள் ஒன்பது மணிக்கே போய், அண்ணன் ஷட்டரைத் தூக்கும்போது கூடவே உள்ளே நுழைந்தேன். எனக்கு முன்பே ஒருவர் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மீமிசல் மீன் வியாபாரி ஆறுமுகம். மகள் கல்யாணப் பத்திரிகைக்காக முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். ஏற்கெனவே ஒரு தடவை வேறு ஊரில் பத்திரிகை அடித்து, ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகு கல்யாணம் நின்றுபோன வீடு. இந்தத் தடவை அவர் எதையும் விட்டுவைப்பதாக இல்லை. முத்தையா அண்ணன் தன் கையால் பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பித்த பத்திரிகைக்குத் தடங்கல் வராது என்பது அந்தப் பக்கத்தில் பேச்சாம். அத்தனை தூரம் தாண்டி இங்கே வருவதே அந்தக் கைராசிக்காகத்தான்.

அண்ணன் கைகால் கழுவினார், பத்தி கொளுத்தினார், கம்ப்யூட்டர் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார், பயனர் பெயர் கேட்ட இடத்தில் எழுத்துக் கூட்டி 'ரூட்' என்று அடித்தார். புதுப் பத்திரிகை திறந்து, உச்சியில் ஒரு 'உ' போட்டு, சேமித்து, கும்பிட்டு எழுந்தார். தினமும் ஆரம்பிப்பது அவர், முடிப்பது செல்வி. நடுவில் அனுமதி எங்கே போயிற்று என்று தேடி அலைந்தது நான். ஏண்ணே இந்தக் கணக்கு, இது எப்படித் திறந்தது என்று கேட்டேன். யூட்யூப்பில் யாரோ வழி சொல்லிக்கொடுத்ததாம். கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் சொன்னார்: "இதுல போனா ஒண்ணுக்கும் ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேங்குது தம்பி. மொதலாளிக்கு இதுதான மரியாதை?"

அசலும் நகலும்

நான் பதில் சொல்வதற்குள் ஒன்பதரை பஸ்ஸில் செல்வி வந்துவிட்டாள். ஃபைலைத் திறந்தாள், வழக்கம்போலச் சேமிக்க மறுத்தது. அவள் என்னை எதிர்பார்க்காமல், "இருங்க, நகல் எடுத்து அதுல அடிச்சிர்றேன்" என்றாள். பெஞ்சிலிருந்து ஆறுமுகம் எழுந்துவிட்டார். "நகலா? உ போட்டது அசல்லதானம்மா? எம்மகளுக்கு நகல்லயா பத்திரிகை அடிக்கப் போறீக?" செல்வி ஏதோ சொல்லப் போக, அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னிக்கே பழசப் போட்டு விட்டுட்டுக் கெளம்புங்க தம்பி. கைராசியில கை வைக்கிற மிஷினு எனக்கு வேணாம்" என்றார். என் வைகாசி அன்று சித்திரையிலேயே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பாதுகாப்பு, அதிகாரப் பகிர்வு என்று மஸ்கட்டில் நான் கூட்டம் போட்டுப் பேசிய வார்த்தைகள் ஒன்றுகூட அந்த இடத்தில் செல்லாது என்று தெரிந்தது. பேசாமல் ஃபைல் விவரத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். "அண்ணே, உ போட்டது நீங்கதான். ஆனா மிஷினுக்குள்ள அது யாரு பேருல நிக்குதுன்னு நீங்களே பாருங்க. ரூட்டுன்னு போட்டிருக்கு. சித்திரையில நீங்க போட்ட அத்தனை உ-வும் ரூட்டு பேருலதான் இருக்கு. முத்தையாங்கிற பேரு ஒண்ணுலயும் இல்ல." அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். "எவன் அவன் ரூட்டு? எங்கையால போட்டதுக்கு அவன் பேரா?"

அசல் ஃபைலை அழிக்காமல், உரிமையாளர் பெயரை மட்டும் 'முத்தையா' என்று மாற்றினேன். அச்சக ஆட்கள் எல்லாரையும் ஒரு குழுவாக்கி, அந்த ஃபோல்டரில் யார் ஆரம்பித்தாலும் குழுவில் உள்ளவர் தொடரலாம் என்று அனுமதி கொடுத்தேன். ரூட்டின் கதவை மறுபடியும் அடைக்கச் சொல்லி என்னை விரட்டியவர் அண்ணனேதான். செல்வி அந்த அசலிலேயே மணமகள் பெயரை அடித்தாள், சேமித்தாள், ஆனது. ஆறுமுகம் பையை இறக்கி வைத்து, திரையில் அண்ணன் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "மொதத் தடவ கல்யாணம் நின்னுச்சே, அந்த அச்சகத்துலயும் இந்த ரூட்டுப் பயதான் இருந்திருப்பான் தம்பி."

வைகாசி முடிந்தது

மீமிசல் கல்யாணம் நடந்தது. தடங்கல் இல்லை. மாப்பிள்ளை நேரத்துக்கு வந்தார், மழைகூட வரவில்லை. இதில் லினக்ஸின் பங்கு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் ஆறுமுகம் சும்மா இருக்கவில்லை, மீமிசல் முழுக்கச் சொல்லியிருக்கிறார். முத்தையா அண்ணன் தன் பங்குக்குத் திருமயம் முழுக்கச் சொன்னார். ஸ்டூடியோக்காரர் ஒருவர் வந்தார், இரும்புக்கடைக்காரர் ஒருவர் வந்தார். இரும்புக்கடைக்காரரிடம் இருந்தது பழைய விண்டோஸ். அதில் ரூட்டே கிடையாது என்று எவ்வளவோ சொன்னேன். "எதுக்கும் ஒரு தடவ நல்லாத் தேடிப் பாத்துருங்க" என்று கம்ப்யூட்டரை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் இப்போதும் கடவுச்சொல் அடித்துத்தான் உள்ளே போகிறார். வாடிக்கையாளர்கள் பார்க்கும்படி கொஞ்சம் சத்தமாகவே தட்டுகிறார். பத்திரிகை தவறவில்லை, பழசைப் போடச் சொல்லும் பேச்சும் இல்லை. இதை மீனாவிடம் எப்படித் தொடங்கிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவள் வெங்காயம் உரித்தபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "மஸ்கட் மேனேஜரு பேசுனாரு. எங்க வீட்டுக்காரரு வர மாட்டாரு, நாற்காலிய வேற யாருக்காச்சும் குடுங்கன்னு நானே சொல்லிட்டேன். ஒங்ககிட்டக் கேக்கணுமாக்கும்?"

ஆக, லினக்ஸானாலும் சரி, வேறு எந்த இடமானாலும் சரி, ஒருவரிடமிருந்து முழு அதிகாரத்தைப் பிடுங்க வேண்டுமென்றால், அதில் அவர் பெயர் இல்லை என்று காட்டிவிட்டால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.