கிடாரம் சூடேற முன்

"வா மகளே, முதுகைக் காட்டு" என்று சொல்லித்தான் றஞ்சிதம் நண்டின் ஓட்டைக் கழற்றுவார். சுலபமாகக் கழன்றுவிட்டால், "நல்ல பிள்ளை." கால் இடுக்கிலிருந்து சதை வராமல் அடம்பிடித்தால், "நீ மனேச்சருக்குச் சொந்தமோ?" வாயை மூடிய துணி, தலையில் வலைத்தொப்பி, முழங்கை வரைக்கும் கையுறை. அந்த மேசையைச் சுற்றி இருக்கும் பெண்களில் யார் யாரென்று புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபடாது. றஞ்சிதத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

நண்டுக் கொம்பனியின் பஸ் விடியவே தாழ்வுபாட்டுக்கும் விடத்தல்தீவுக்கும் இலுப்பைக்கடவைக்கும் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். படகுகளில் வந்த நண்டு கிடாரத்துக்குள் போகும். கிடாரம் என்பது பெண்கள் வைத்த பெயர். உண்மையில் அது ஆள் உயரத்துக்கு நிற்கிற, நீராவியில் நண்டு அவிக்கிற உருக்குப் பெட்டி. அவிந்த நண்டை மேசைகளில் கொட்டுவார்கள். அதை உடைத்துச் சதையை எடுத்துத் தட்டு நிரப்புவது பெண்களின் வேலை. நிரம்பிய தட்டை இருட்டறைக்குக் கொண்டுபோய் ஊதா வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். ஓட்டுத் துண்டு ஒன்று மினுங்கினாலும் தட்டு திரும்பி வரும். றஞ்சிதத்தின் தட்டு அடிக்கடி திரும்பி வரும். எதிரில் இருக்கிற டிலானி நாலு நண்டு முடிக்கிற நேரத்தில் அவர் மூன்றுதான் முடிப்பார். மிச்ச நேரம் கதைக்குப் போய்விடும்.

இத்தனை வருடமாக நண்டு உடைக்கிறவர் நண்டு தின்னமாட்டார். கேட்டால், "பழகின முகம்" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகுமுன் பாதித் தேசிக்காயால் விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். அப்படியும் நற்கருணையைக் கையில் வாங்கமாட்டார், நாக்கை நீட்டித்தான் வாங்குவார். ஆண்டவருக்கு நண்டு மணம் ஒத்துக்கொள்ளுமோ தெரியாதாம். சண்டைக் காலத்தில் தாய் தகப்பனோடு கடல் கடந்து, இந்தியாவில் மண்டபம் முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணமும் முடித்துக்கொண்டு திரும்பி வந்தவர். கதை பேச்சு எல்லாம் தாழ்வுபாட்டுப் பேச்சுதான். கோபம் தலைக்கேறினால் மட்டும் முகாமில் பழகிய "சரிங்க" வெளியே வரும். றஞ்சிதம் "சரிங்க" என்றால் ஒன்றும் சரியில்லை என்று அர்த்தம். கணவர் இராசேந்திரம் சைக்கிள் திருத்துகிறவர். அந்தச் சொல் காதில் விழுந்த கையோடு பம்பைக் கீழே போட்டுவிட்டு எழும்பி நிற்பாராம்.

கொம்பனிப் பெண்களின் தொழிற்சங்கத்துக்கு அவர் தலைவியானதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. வேறு யாரும் முன்வரவில்லை. வாய் இருக்கிறவள் இருக்கட்டும் என்று தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த வாயை நம்பித்தான் இந்த வருடம் நாட்சம்பளத்தில் ஐந்நூறு ரூபா கூட்டிக் கேட்டார்கள். கொம்பனி மாட்டேன் என்றது. பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தவக்காலமும் நோன்பும் சேர்ந்து வந்த மாதம் அது. வாசலில் கட்டிய தறப்பாளுக்குக் கீழே, மத்தியானத்தில் கத்தோலிக்கப் பெண்களில் பாதிப்பேர் ஒறுத்தல், முஸ்லிம் பெண்கள் எல்லோரும் நோன்பு. சமையல் செலவு மிச்சம் என்றுதான் இந்த மாதமாகப் பார்த்து எடுத்தோம் என்று, விசாரிக்க வந்தவர்களிடம் றஞ்சிதம் சொல்லிச் சிரித்தார். பொழுதுபட்டதும், கூட வேலை செய்கிற அஸீபா வீட்டு நோன்புக் கஞ்சி எல்லோருக்கும் ஓடும்.

ஆனால் அந்தத் தறப்பாளைக் கட்டுவதற்கு முதல் நாளே வேலைநிறுத்தம் தோற்றுவிட்டிருந்தது. அது பிறகுதான் விளங்கியது.

நடந்தது இதுதான். கொம்பனிக்குக் கொடுத்த தவணை முடிந்த பின்னேரம் பெண்கள் மேசையை விட்டு எழும்பினார்கள். மேசைகளில் அப்போதுதான் கொட்டிய நண்டு ஆவி பறக்கக் கிடந்தது. அவித்த நண்டை அன்றே உடைக்காவிட்டால் அது குப்பைதான். யாருடைய நண்டு? டிலானியின் கணவன் நிறோஜன் பிடித்தது அதில் இருந்தது. யசிந்தாவின் தம்பி பிடித்தது இருந்தது. பழுதானால் கொம்பனி அந்த நட்டத்தைப் படகுக்காரர் தலையில்தான் கட்டும். பெண்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். றஞ்சிதம்தான் வாயைத் திறந்தார்.

"கடல் தந்ததை அழுகவிட்டிட்டுப் போறது பாவம். இதை முடிச்சிட்டு வெளிக்கிடுவம்."

எல்லோரும் திரும்ப மேசையில் இருந்தார்கள். அன்றைக்குப்போல வேகமாக அவர்கள் ஒருநாளும் உடைத்ததில்லை. பொழுதுபடும்வரைக்கும் உடைத்து, மேசையைக் கழுவி, ஏப்ரனைக் கொழுவிவிட்டுத்தான் வேலைநிறுத்தத்துக்குப் போனார்கள். மனேச்சர் வாசல்வரைக்கும் வந்து நன்றி சொன்னார். அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்கள், பாவங்கள்.

மறுநாள் குளிர்லொறி ஒன்று சரக்கேற்றிக்கொண்டு வெளியே வந்தது. தறப்பாள் கயிறு பாதைக்குக் குறுக்கே நின்றது. லொறிக்காரன் ஹோர்ன் அடிக்க, றஞ்சிதம் எழும்பிப் போய்க் கயிற்றைத் தூக்கிப் பிடித்து லொறிக்கு வழிவிட்டார். சதை வாங்குகிற வெளிநாட்டுக்காரன் கேட்டிருந்த அளவு அந்தப் பின்னேர நண்டோடு சரியாக நிரம்பிவிட்டது. கொம்பனிக்கு அதற்குப் பிறகு என்ன அவசரம்? கதவைச் சாத்திக்கொண்டு சும்மா இருந்தது. நண்டு வாங்குவதையும் நிறுத்தியது. வேறு வியாபாரிகள் வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். அதோடு வேலைநிறுத்தம் பெண்களின் குசினிக்குள்ளேயே வந்துவிட்டது. உங்கட சண்டைக்கு எங்கட வலை காயுது என்று நிறோஜன் டிலானியிடம் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பை தள்ளிவைக்கப்பட்டது. தறப்பாளுக்குக் கீழே ஆள் குறைந்துகொண்டே போனது.

நோன்புப் பெருநாளுக்கு முதல் றஞ்சிதம் சமாதானத்துக்குக் கையெழுத்து வைத்தார். ஐந்நூறு கேட்ட இடத்தில் நூற்றிருபது. பஸ் நிலையத்தில் ஒரு மீன் பணிஸ் வாங்கலாம். பிளேன்ரீக்குக் கைக்காசு போடவேண்டும்.

பணிஸ் காசு என்று அதற்குப் பெயர் வைத்தது ஜெனிஸ்ரா. மேசையில் வயதில் ஆகக் குறைந்தவள், நாக்கில் ஆகக் கூடினவள். பெயர் ஒரே நாளில் பஸ் முழுக்கப் பரவியது. றஞ்சிதத்துக்குப் பக்கத்து சீற் வெறுமையாக வந்து வெறுமையாகப் போனது. முன்பெல்லாம் அவர் நண்டோடு கதைத்தால் நாலு பேராவது சிரிப்பார்கள். இப்போது நண்டு மட்டும்தான் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. "வா மகளே" என்று பழையபடி கூப்பிட்டு, பழையபடி மெதுவாக உடைத்து, தட்டு திரும்பி வந்தால் வாங்கித் திரும்பப் பொறுக்கினார். இந்த மனுசிக்கு வெட்கம் ரோசம் ஒன்றும் இல்லையா என்று டிலானி எதிரில் இருந்து பொருமினாள். அன்றைய அவசரத்தில் கையுறை கிழிந்து, கை முழுக்க ஓட்டுக் கீறல்களோடு தறப்பாளுக்குக் கீழே கிடந்தவள் அவள். நிறோஜனோடு முகம்கொடுத்துக் கதைத்து எவ்வளவோ நாளாகிவிட்டது. எல்லாம் ஒரு மீன் பணிசுக்கு.

சங்கத்தை விட்டு விலகப்போகிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். வேலை செய்கிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேராவது சங்கத்தில் இருந்தால்தான் கொம்பனி சங்கத்தோடு இருந்து பேசவேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பேசத் தேவையில்லை. அந்த எல்லைக்குக் கிட்டச் சங்கம் வந்துவிட்டது. டிலானியும் விலகுவதென்று முடிவெடுத்துவிட்டாள். ஆனால் சத்தம்போடாமல் விலக அவளுக்கு மனமில்லை. முகத்துக்கு நேரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் விலகுவது என்றிருந்தாள்.

ஞாயிறு பின்னேரம், தாழ்வுபாட்டு மீனவர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். மூலையில் நண்டுவலை குவித்துக் கிடக்க, பிளாஸ்ரிக் கதிரைகளில் பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள். றஞ்சிதம் கதிரையில் இருக்கவில்லை. காலையில் பூசைக்கு உடுத்த அதே சீலையோடு, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் தொடங்குமுன் டிலானி எழும்பிவிட்டாள். சமைக்கும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் சொல்லிப் பார்த்துப் பழகிவைத்த வார்த்தைகள் அவளிடம் இருந்தன.

"அண்டைக்கு அந்த நண்டை உடைக்காமல் வெளிக்கிட்டிருந்தால், அவங்கள் ஒரு கிழமையில இறங்கி வந்திருப்பாங்கள். ஆரக்கா உடைக்கச் சொன்னது?"

ஆரென்று அங்கே தெரியாதவர்கள் இல்லை. "சரிங்க" வரப்போகிறது என்று டிலானி காத்துக்கொண்டு நின்றாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அவளுக்குள் இருந்தது. உன்ர மனுசன் பிடிச்ச நண்டும் அதுக்குள்ள கிடந்ததுதானே என்று றஞ்சிதம் கேட்டால், அவளிடம் மறுமொழி இல்லை. அல்லது, நான் ஒருத்தியோ உடைச்சனான், நீங்களெல்லாரும் இருந்து உடைச்சனீங்கள்தானே என்று கேட்டாலும் போதும். கேட்டால் அதில் நியாயமும் இருக்கிறது. கூட்டமே தலையைக் குனிந்திருக்கும்.

"நான்தான் சொன்னனான்" என்றார் றஞ்சிதம். "பிழைதான். கயிறு தூக்கி லொறிய விட்டதும் நான்தான். அதையும் சேருங்கோ."

டிலானியின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பாமல், எல்லோருக்கும் பொதுவாக, நண்டோடு கதைக்கிற அதே குரலில் சொன்னார். பிறகு கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"அடுத்தமுறை கிடாரம் சூடேற முன்னம் வெளிக்கிடுவம். பச்சை நண்டெண்டால் எங்கட ஆக்கள் ஐசுக்குள்ள போட்டுத் திருப்பிக் கொண்டுபோய் விப்பினம். ஆரின்ர உழைப்பும் அழுகாது. அவங்களுக்கும் சரக்குப் போகாது."

அடுத்தமுறையாம்! டிலானி அந்தச் சொல்லைத் தனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஊரிலும் ஏச்சு, மேசையிலும் ஏச்சு, பஸ்ஸில் பக்கத்தில் இருக்க ஆளில்லை. இவ்வளவையும் வாங்கிக்கொண்டு இந்த மனுசி இத்தனை நாளும் மூன்றாவது நண்டுக்கும் நாலாவது நண்டுக்கும் நடுவில் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, ஒரு சாட்டும் சொல்லவில்லை. தோற்ற இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, எந்த இடத்தில் எழும்பியிருக்கவேண்டும் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். தனக்கு இப்படி ஒரு நெஞ்சு ஒருநாளும் வாய்க்காது என்று டிலானிக்குத் தோன்றியது. அதில் பொறாமைப்படக்கூட அவளுக்கு நேரமிருக்கவில்லை. பிரமிப்போடு அந்த ஒடிசலான உருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விலகுகிறவர்கள் கூச்சப்படாமல் விலகலாம் என்று றஞ்சிதம் சொன்னார். நாளைக்கும் அதே மேசையில்தான் இருக்கப்போகிறோம், தான் யாருக்கும் முகம் திருப்பமாட்டேன் என்றார். அப்போதுதான் டிலானியைப் பார்த்தார்.

"சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சிட்டியோ பிள்ளை?"

விலகுகிறேன் என்ற சொல் இன்னும் டிலானியின் வாயில்தான் இருந்தது.

"ஓம் அக்கா" என்றாள். "முடிஞ்சுது." கதிரையில் இருந்துவிட்டாள்.

யாரும் கை தட்டவில்லை. ஜெனிஸ்ரா விலகினாள்; அவளோடு சேர்ந்து இன்னும் சிலர் விலகினார்கள். அவர்கள் முகத்திலும் முன்பிருந்த சூடு இல்லை. மிச்சப்பேரை எண்ணியபோது சங்கம் நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே மூச்சுவிட்டுக்கொண்டு நின்றது. அஸீபா பிளேன்ரீ ஊற்றினாள். பணிஸ் இல்லையோ என்று யாரோ கேட்க, முதல் ஆளாகச் சிரித்தது றஞ்சிதம்.

திங்கட்கிழமை டிலானி பஸ்ஸில் ஏறிப் பார்த்தாள். றஞ்சிதத்துக்குப் பக்கத்து சீற்றில் அவருடைய கைப்பை இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். றஞ்சிதம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கொம்பனியில் இறங்கியதும் பெண்கள் கைகழுவும் இடத்துக்குப் போனார்கள். றஞ்சிதம் மட்டும் அவிக்கிற கொட்டிலுக்குத் திரும்பினார். என்னவோ என்று டிலானி பின்னால் போனாள். அன்றைய நண்டு ஐசுப் பெட்டிகளில் பச்சையாகக் காத்திருந்தது. நீராவி இன்னும் திறக்கவில்லை. றஞ்சிதம் கிடாரத்துக்குக் கிட்டப் போய், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல, அந்த உருக்கில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்.

கொட்டில் வாசலில் மனேச்சர் நின்றார். ஞாயிறு தாழ்வுபாட்டில் பேசியது திங்கள் விடியக் கொம்பனிக்கு எட்டாமல் இருக்குமா? அவர் முகத்தைப் பார்த்தால் எட்டிவிட்டது என்றுதான் தெரிந்தது. றஞ்சிதம் கையை எடுத்தார். "குட்மோர்னிங் சேர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, வலைத்தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, டிலானியையும் தாண்டிக் கைகழுவப் போனார்.

டிலானி வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தாள். மனேச்சர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிடாரத்துக்குக் கிட்டப் போய், றஞ்சிதம் தொட்ட அதே இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தார்.