நூலளவில் வந்த ஸ்வெட்டர்

விருத்தாசலத்தில் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஐப்பசி மழையில் பீங்கான் கம்பெனிகளைத் தாண்டி நடந்து, ஈரச் சட்டையோடு வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா அப்போது சவூதியில் இருந்தார். எனக்குத் துணி வாங்க வேண்டுமென்றால் அம்மா என் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு நூல், கைக்கு ஒரு நூல் அளந்து வெட்டி, லீவு முடிந்து திரும்பும் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான். ஐந்தாம் வகுப்பில் அந்த அளவுக்கு ஒரு மெரூன் ஸ்வெட்டர் வந்தது. அதில் அத்தாவின் அத்தர் வாசம். இன்றும் மழை பிடித்தால் அந்த வாசத்துக்கு ஏங்குகிறேன்.

மறுநாளே ஸ்கூலுக்குப் போட்டுக்கொண்டு போனேன். கேட்டில் குடைக்குள் நின்ற பி.டி. சார் தடுத்தார்.

"என்ன கலர் இது?"

"எங்கத்தா அனுப்புனது சார்."

"யாரு அனுப்புனா என்ன? நேவி ப்ளூ மட்டும்தான். கழட்டு."

வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வருஷக் கடைசியில்தான் தருவார்களாம். அம்மா போய்க் கேட்டதற்கு, "ஒருத்திக்கு வுட்டா எல்லாரும் போட்டுட்டு வருவாங்கம்மா" என்று பதில். பிள்ளை நடுங்கலாம், கலர் மாறக் கூடாது. நல்ல சட்டம்! நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெள்ளிக்கிழமை போனில் அத்தா கேட்பார்: "புள்ள ஸ்வெட்டர் போடுதா?"

"அதப் போட்டுக்கிட்டுதான் ஸ்கூலுக்குப் போவுது," என்பாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். அங்கே அவர் மனசு கஷ்டப்படக் கூடாதே.

ஏப்ரல் வெயிலில் திருப்பித் தந்தார்கள். வாசம் போயிருந்தது. அடுத்த மழைக்குள் நான் வளர்ந்துவிட்டேன்.

அதற்கும் அடுத்த வருஷம்தான் அத்தா லீவில் வந்தார். அவர் திரும்பிப் போன காலையில் நல்ல தூறல். பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஸ்வெட்டரை மாட்டினேன். அதை நான் போட்டிருப்பதை ஒரு தடவையாவது அவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

"ரெண்டு மழைக்கும் இதத்தான் போட்டியாம்மா? சின்னதாயிடுச்சே."

"ஆமாத்தா."

அம்மா வேறு பக்கம் பார்த்தாள். சென்னை பஸ் வரும்வரை அத்தா என் ஸ்வெட்டர் கைகளைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். மணிக்கட்டுவரை வரவே இல்லை.