கொம்பு வேண்டுமா, வேண்டாமா?

ஆடு வளர்ப்பவர்களுக்குக் கவலை ஆட்டின் தலையில்தான், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முளைக்கும். என்னைப் போல வெள்ளாட்டோடு மல்லுக்கட்டியவர்கள் இதைப் படித்தால் இந்நேரம் பெருமூச்சு விட்டிருப்பார்கள். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் நானும் என் வீட்டுக்காரர் சூசையும் சிங்கப்பூர் பொத்தோங் பாசிரில் ஒரு தகரக் கொட்டில் போட்டு வெள்ளாடு வைத்திருந்தோம். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. ஆடு என் பாடு. காலையில் கறவை ஆட்டை ஓட்டிக்கொண்டு சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போய், வீட்டு வாசலிலேயே கறந்து கொடுப்பேன். கண்ணெதிரே கறந்தால்தான் பாலில் தண்ணீர் இல்லை என்று நம்புவார்கள். அப்போதும் சிலர் ஆட்டைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

வேலிச் சண்டை

எங்கள் கொட்டிலுக்கு அடுத்தது சீனர் ஆ செங்கின் கீரைத் தோட்டம். நடுவில் பலகை வேலி. எங்கள் ராணிக்கு வளைந்த பெரிய கொம்பு. பலகைச் சந்தில் தலையை நுழைக்கத் தெரியும், எடுக்கத் தெரியாது; கொம்பு மாட்டிக்கொள்ளும். ஒருநாள் நான் பால் ஊற்றிவிட்டு வருவதற்குள், மாட்டிக்கொண்ட இடத்தில் நின்றபடியே வாய்க்கு எட்டிய கைலான் கீரையை எல்லாம் மொட்டையடித்திருந்தாள். கத்தவும் இல்லை. கத்தினால் யாராவது வந்து விடுவித்துவிடுவார்களே!

ஆ செங் ரம்பத்தோடு வந்தார். கொம்பை அறுக்கப்போகிறாரோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. நல்ல மனுஷன், தன் வேலியைத்தான் அறுத்தார். எங்கள் பேச்சு எல்லாம் சந்தையில் பேசுகிற பசார் மலாயில்தான். பலகையைக் கீழே போட்டுவிட்டு அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "வாய் என் பக்கம், மடி உன் பக்கம். இது என்ன கூட்டு வியாபாரம் லா?"

செவலையின் காம்பு

கீரையோடு போயிருந்தால் கொம்பைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டோம். செவலை என்று ஒரு ஆடு இருந்தது. சாது. பால் அவள்தான் அதிகம் கொடுப்பாள். ஒரு மழை நாளில் தவிட்டுத் தொட்டி அருகே ராணி அவளைக் கீழிருந்து முட்டித் தூக்கிவிட்டாள். மடியைக் கொம்பு கிழித்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தரையில் பாலும் ரத்தமும் கலந்து கிடந்தது. எத்தனையோ நாள் மஞ்சள் வைத்துக் கட்டியும் ஒரு காம்பு வற்றியே போனது. கறக்க உட்காரும்போதெல்லாம் அந்தப் பக்கம் கை போய்ப் போய்த் திரும்பும்.

கொம்புகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று சூசை குதித்தார். மாட்டு ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்த துரைசாமியைக் கூட்டி வந்தார். அவர் ராணியின் கொம்படியைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வளர்ந்த கொம்பை அறுத்தால் மண்டையில் ஓட்டை விழும், ஈ மொய்க்கும், சீழ் பிடிக்கும்; குட்டி பிறந்த முதல் வாரத்திலேயே, முளை கையில் தட்டுப்படும்போதே, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டுவிட்டால் கொம்பு வராது என்றார். "அப்போ இனிமே பொறக்கிற குட்டிக்கெல்லாம் சுட்டுடலாமா?" என்று கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எப்படிச் சுடணும்னு கேளுங்க, சொல்றேன். சுடலாமா வேணாமான்னு கேக்காதீங்கம்மா, அது குடும்ப விஷயம்."

புகை

ராணி இரண்டு குட்டி போட்டாள், ஒரு பெட்டை, ஒரு கிடா. இரண்டுக்கும் சுட வேண்டும் என்றார் சூசை. இதற்குள் பிடோக் பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, பாக் மாட் வந்துவிட்டார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்களிடம் கிடா வாங்குகிற பெரியவர். குட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை எனக்காக வளர்த்து வை. ஆனா தந்துக்கைத் தொடாதே" என்றார். மலாயில் தந்துக் என்றால் கொம்பு. பெருநாளில் குர்பான் பலி கொடுக்கிற ஆடு பார்க்க லட்சணமாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஆகவே நாங்களும் பெரிய ஞானிகள் மாதிரி ஒரு முடிவு எடுத்தோம்: பாலுக்கு வளர்கிற பெட்டைக்குக் கொம்பு வேண்டாம், பெருநாளுக்கு வளர்கிற கிடாவுக்குக் கொம்பு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கரி அடுப்பை மூட்டினோம். குட்டியைப் பிடிப்பது நான், சுடுவது அவர் என்று ஏற்பாடு. இரும்பு சிவந்தது. முடி கருகும் வாடை எழுந்ததுமே குட்டி குழந்தை மாதிரி வீரிட்டது. கொட்டிலுக்குள்ளிருந்து ராணி பதிலுக்குக் கத்தினாள். நிமிர்ந்து பார்த்தால் இரும்பு தரையில் கிடக்கிறது, சூசை சுவரில் சாய்ந்து கண் சொருகிக் கிடக்கிறார்.

மறுபடியும் காய்ச்சி, குட்டியை முழங்கால் நடுவே இடுக்கிக்கொண்டு நானே சுட்டு முடித்தேன். முளையைச் சுற்றிச் செம்பு நிறத்தில் வளையம் தெரிகிறவரை அழுத்த வேண்டும் என்று துரைசாமி சொல்லியிருந்தார். எனக்குக் கண்ணில் நீர் வழிந்து வளையமே தெரியவில்லை. முடிந்து கீழே விட்டதும் அது நேராகப் போய்த் தாயிடம் பால் குடித்தது. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. சூசைக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினேன். எழுந்ததும் முதலில் சொன்னது: "மயக்கமெல்லாம் ஒண்ணுமில்ல ஆரோக்கியம், அடுப்புப் புகை."

மொட்டச்சியின் பால்

சுட்ட குட்டிக்கு மொட்டச்சி என்றே பேர் நின்றுவிட்டது. அவளும் வளர்ந்து, குட்டி போட்டு, கறவைக்கு வந்தாள். வேலியில் மாட்ட மாட்டாள், யாரையும் கிழிக்க மாட்டாள், ரோட்டில் பூனை மாதிரி கூட வருவாள். பெருமையாக ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு ஓட்டிப்போனேன். அங்கே பத்மாவதி அம்மா என்று ஒரு வாடிக்கை. வீட்டுக்காரருக்கு இளைப்பு, ஆட்டுப்பால் கொடுத்தால் கேட்கும் என்று யாரோ சொல்லி வாங்கிக்கொண்டிருந்தார். செம்போடு வாசலுக்கு வந்தவர் மொட்டச்சியைப் பார்த்ததும், மொட்டைத் தலை அபசகுனம் என்பது போலச் செம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

சின்னதிலேயே சுட்டதால்தான் கொம்பு இல்லை, பாலுக்கு ஒன்றும் ஆகாது என்று வாய் வலிக்க விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார், ஆட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், பிறகு என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "நீ சொன்னா சரிதான் ஆரோக்கியம். நாளைக்குக் கொம்பு உள்ளதைக் கூட்டிட்டு வா, அவருக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்ல."

லாரியோடு மோதல்

கிடா இரண்டு வருஷத்தில் ராஜா மாதிரி நின்றது. கொம்பு இரண்டும் பின்னால் வளைந்து, எண்ணெய் தடவினது போல மின்னும். பாக் மாட் வருகிறபோதெல்லாம் தடவிக் கொடுத்துவிட்டுப் போவார். பெருநாள் நெருங்கிய சமயத்தில் தவிடு இறக்க வந்த லாரியைப் பார்த்து அதற்கு என்ன கோபமோ, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி மட்கார்டில் முட்டியது. லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கொம்பு அடியோடு முறிந்து, முகமெல்லாம் ரத்தம்.

துரைசாமி வந்து காயத்தைக் கழுவினார். எலும்புக்குள் ஓட்டை தெரிந்தது. கிடா திமிறாமல் தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தவர் சூசை. சட்டை முழுக்க ரத்தம். கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாரே தவிர, பிடியை விடவில்லை. அன்று அவர்மேல் எனக்கு வந்த மரியாதையை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. கிடா பிழைத்துக்கொண்டது. ஆனால் பெருநாளுக்கு ஆகவில்லை. பாக் மாட் வந்து, மீதிக் கொம்பை வழக்கம்போலத் தடவிக் கொடுத்தார். அப்புறம் சொன்னார்: "தந்துக் வேணும்னு சொன்னேன். ரெண்டும் வேணும்னு சொல்லாம விட்டுட்டேன்."

மறுபடியும் குட்டிகள்

அடுத்த மழைக்காலத்தில் ராணி திரும்பவும் இரட்டைக் குட்டி போட்டாள். சுடுவோமா என்றேன். "நீ சொல்லு" என்றார் சூசை. "நீங்கதானே ஆம்பள, நீங்க சொல்லுங்க" என்றேன். செவலையின் மடியை நினைத்தால் சுட வேண்டும் போலிருக்கும். குட்டியின் கத்தலை நினைத்தால் வேண்டாம் போலிருக்கும். சாப்பிடும்போது பேசினோம், கோயிலுக்குப் போகிற வழியில் பேசினோம், பேசாமலும் இருந்து பார்த்தோம். கடைசியில் துரைசாமியையே கேட்டுவிடுவது என்று கூட்டி வந்தோம். அவர் குட்டிகளைத் தூக்கி நெற்றியைத் தடவினார். விரல் நுனியளவு கொம்பு வெளியே நின்றது. சிரித்துக்கொண்டே கீழே விட்டார்: "நீங்க ரெண்டு பேரும் இனிமே நிம்மதியா இருக்கலாம்மா, கொம்பே முடிவு பண்ணிடுச்சு."

இத்தனை வருஷத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: கொம்பு இருந்தால் ஆடு முட்டும், இல்லாவிட்டால் ஊர் முட்டும்.